இடப்பக்கத்து மோட்சம்

செம்புத் தகட்டில் இடமாகச் செதுக்கியது தாளில் வலமாக விழும். ஆன்ட்வெர்ப்பில் அச்சுக்கூடத்து நாய்க்குக்கூட இது தெரியும். இருபது வருடமாக வேதப் படம் செதுக்குகிற எனக்குத்தான் அன்றைக்குப் புத்தி பிசகியது.

கடைசித் தீர்ப்பின் படம். ஓவியத்தாளைக் குப்புறத் திருப்பிப் போட்டு, கோடுகளை ஊசியால் தகட்டில் இறக்க வேண்டும். நான் திருப்பாமல் போட்டேன். எதிரே உட்கார்ந்து பாதிக் கோடுகளை இறக்கியவன் என் கூட்டாளி கில்லிஸ். இருவருமே பீர் குடித்திருந்தோம். நாலு மாதம் குனிந்து செதுக்கியும் கண்ணில் படவில்லை. மோட்சத்துக்குப் போகிறவனும் நரகத்துக்குப் போகிறவனும் அம்மணமாகத்தானே இருக்கிறார்கள்!

அச்சான முதல் தாளைத் தகட்டிலிருந்து உரித்ததும், படம் கேட்டிருந்த பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டார். மோட்சம் இருக்க வேண்டிய இயேசுவின் வலப்பக்கத்தில் நரகம் எரிந்துகொண்டிருந்தது.

"ஓவியத்தாளத் தகட்டுல வச்சது யாரு?" என்று கேட்டாள் முதலாளியம்மா டிக்னா.

"கில்லிஸ்" என்றேன். பயத்தில் வாய் முந்திக்கொண்டது. அவன் மறுத்துப் பேசவில்லை. அன்றே அவன் வேலை போயிற்று.

குளிர்காலம் முழுக்க அவன் துறைமுகத்தில் மீன்கூடை சுமந்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. தவக்காலம் தொடங்கிய புதனன்று, நெற்றியில் சாம்பலோடு, உண்மையைச் சொல்லிவிடுவதென்று அவனிடம் போனேன். உப்பில் அவன் விரல்களெல்லாம் வெடித்திருந்தன.

"வாடா யோஸ்! மோட்சத்துக்குத்தான? இடப்பக்கமாப் போ!" என்று சிரித்தான். சிரிப்பு சீக்கிரமே நின்றது. "எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரலடா. போதையில நான்தான் வச்சிருப்பேன். நீ பொய் சொல்ற ஆளா என்ன?"

நான் குனிந்து அவன் கூடையை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தேன்.

"எனக்காக அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த பேசேன். இன்னும் கொஞ்ச நாள் போனா இந்தக் கையில உளி நிக்காதுடா."

நேராக டிக்னா வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் 'நான்தான் வைத்தேன்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவள் கதவைத் திறந்ததும் வாயில் வந்தது வேறு.

"கில்லிஸ் பண்ணின தப்ப மன்னிச்சிருங்கம்மா."

அவள் கண் கலங்கிவிட்டது. "திங்கக்கிழம வரச் சொல்லு. உன்ன மாதிரி ஒரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான்?"

திங்கட்கிழமை வந்தான். அச்சுக்கூடத்தில் எல்லார் முன்னாலும் என் வலக்கையைப் பிடித்து முத்தமிட்டான். அந்தத் தாளை வைத்த கை.