பால்ச்சாமியைக் குளிப்பாட்ட நாள் பார்த்த கதை

1

இந்தக் கதை முழுக்க என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்தல்குடியில் பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்தில் டீ குடித்தவர் செல்போனில் பேசியதை ஒட்டுக்கேட்டேன். "மச்சான் குளிப்பாட்டச் சொல்றாரு, அக்கா நாள் பாத்துக்கிட்டே இருக்கா." அத்தோடு என் பஸ் வந்துவிட்டது. மிச்சம் என் கைச்சரக்கு.

(வெளியூர் வாசகருக்கு: எங்கள் பக்கம், எழுந்திருக்க மாட்டாமல் கிடப்பவரை எண்ணெய் தேய்த்து, குளிரக் குளிரத் தலைக்கு ஊற்றி அனுப்பிவைப்பது உண்டு. சட்டத்தில் அதற்குப் பெயர் கொலை. ஊர் அதைக் குளிப்பாட்டுறது என்று சொல்லும், அதுவும் குரலைத் தாழ்த்தி.)

2

தொடக்கம் ஒன்று: பரளச்சிக் காட்டில் பொழுது மெல்லச் சாய்ந்து—

வேண்டாம். சாகிற கதை எல்லாவற்றிலும் பொழுது சாய்கிறது.

தொடக்கம் இரண்டு: பால்ச்சாமி லோடு லாரி ஓட்டியவர். நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்கு வந்துவிட்டது. இனி வைத்தியம் இல்லை என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி முருகேஸ்வரியிடம், என்னைக் குளிப்பாட்டி விட்ரு என்றார்.

இதுவே இருக்கட்டும்.

3

முருகேஸ்வரி ஓவென்று அழுதாள் என்று எழுதினேன். (அடித்துவிட்டேன். அவள் அப்படிப்பட்டவளாகத் தெரியவில்லை.) ஆம்பளைக்கு எண்ணெய்க் குளியல் புதனும் சனியும்தான், ஞாயிறு ஆகாது என்றாள். சாகிறவனுக்கு என்ன கிழமை என்று அவர் கேட்கவில்லை. எலுமிச்சம்பழம் நசுக்காமல் லாரியை நகர்த்தாத மனிதர். புதன் வந்தது, அமாவாசை என்றாள். சனி வந்தது, கொழுந்தன் வந்திருக்காக, ஆள் இருக்கையில் எப்படி என்றாள். அடுத்த புதன் தூறல்.

"இன்னைக்கு வேணாம். சளி புடிச்சுக்கிரும்."

பால்ச்சாமி அவளையே பார்த்தார். "ஏண்டி, சளி புடிச்சு செத்துருவேன்னு பயமா?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்ததில் அவருக்கு முதுகு வலியில் பிளந்தது. அதன்பின் அவர் போட்ட சத்தத்தை

[இங்கே ஒரு பத்தி இருந்தது.]

4

கதை கைமீறுவதைக் கண்டு முனீஸ்வரியைக் கூட்டிவந்தேன். வீடு தேடி வந்து நோயாளிகளைப் பார்க்கும் அரசாங்க நர்சு. அவர் கொடுத்த மார்ஃபின் மாத்திரையில் வலி பாதியாகக் குறைந்தது. குளிப்பாட்டுவது கொலைக் கேசு என்று எச்சரித்தார். ஆனால் குழாய் சொருக வேண்டாம், மெஷினில் போட வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு என்றும் விளக்கினார். எனக்குப் பெரிய நிம்மதி. இங்கேயே முற்றுப்புள்ளி வைத்திருக்கலாம்.

பால்ச்சாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நர்சு போனதும் மனைவியிடம், சனிக்கிழமையை மறந்துவிடாதே என்றார். அதான் வலி குறைஞ்சிருச்சே என்றாள் அவள்.

"வலிக்காக மட்டுமா கேட்டேன்? நீ என் பீ அள்ளுறதப் பாத்துக்கிட்டு எத்தன நாளு கெடக்க?"

"அள்ள மாட்டேன்னு நான் சொன்னேனா?"

(இந்த இரண்டு பேரில் யார் பக்கம் நிற்பது என்று யோசித்து யோசித்து, ஒரு வாரம் எழுதாமல் கிடந்தேன்.)

5

சனிக்கிழமை. அமாவாசை இல்லை, விருந்தாளி இல்லை, வெயில் பளீரென்று அடிக்கிறது. வேண்டுமானால் ஒரு மழையைக் கொண்டுவரட்டுமா என்று முருகேஸ்வரியிடம் கேட்டேன்.

"நீங்க எப்படி முடிச்சாலும் எழுதிட்டு எந்திரிச்சுப் போயிருவீக," என்றாள். "நாந்தான இந்த வீட்ல இருக்கணும்."

அதற்கு நான்—

6

ஆகவே இனி வாசகர் பொறுப்பு.

முடிவு ஒன்று: அவர் கேட்டது நடக்கிறது. முடிவு இரண்டு: நடக்கவில்லை; மாத்திரையோடு நாள்கள் ஓடுகின்றன. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஒரே ஒரு நிபந்தனை. ஒன்று என்பவர், அவள் ஒதுங்கி நிற்க, தன் கையால் தண்ணீரை ஊற்ற வேண்டும். இரண்டு என்பவர் அவரைப் புரட்டி, துடைத்து, இன்னும் எத்தன நாளு என்று அவர் கேட்கும்போது முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. யாராவது வரமாட்டார்களா என்று ஒருத்தி வாசலில் நிற்பாள்.