இழுத்துப் பார்த்தவர்

லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பெயர் 'சந்தேகம்'. "சந்தேகம் சாப்பிடப் போயிருக்கு", "சந்தேகம் இன்னைக்கு லீவு" என்று முகத்துக்கு நேராகவே பேசிக்கொள்வார்கள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்கிற வேலை. ஆளை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவன் அந்த வேலையில் நிலைக்க மாட்டான். பிரேக் பிடிக்கும் என்று சொன்னால் பாரத்தை ஏற்றிப் பிடிக்க வைத்துப் பார்ப்பார். அபாய மணி அடிக்கும் என்று சொன்னால் அமுக்கிப் பார்ப்பார். உள்ளே யாராவது நின்றிருந்தால் அவர்களிடம் சொல்லிவிட்டு அமுக்குகிற வழக்கமும் அவருக்கு இல்லை. சொல்லிவிட்டு அமுக்கினால் அதற்குப் பேர் பரிசோதனையா என்பார்.

இப்படிப்பட்ட மனிதரின் மனைவி, இரண்டாவது பிரசவத்துக்குப் பிரசவ மையத்துக்குத்தான் போவேன் என்று சொன்னால் வீடு எப்படி இருக்கும்?

"அங்க டாக்டர் இருக்காரா?"

"மருத்துவச்சிங்க இருக்காங்க. இதுக்குன்னே படிச்சுப் பயிற்சி எடுத்தவங்க."

"டாக்டர் இருக்காரான்னு கேட்டேன்."

"வேணும்னா பெரிய ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளித்தான். இவங்களுக்கும் அவங்களுக்கும் ஏற்பாடு இருக்கு. சிக்கல் இருக்கற கேஸை முன்னாடியே அங்க அனுப்பிடுவாங்க. எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல, பார்த்துட்டாங்க."

"ஓஹோ. சிக்கலையெல்லாம் அங்க தள்ளிவிட்டுட்டு, இங்க எல்லாம் சுகப்பிரசவம்னு பேர் வாங்கறாங்களா? நல்லா இருக்கே கதை!"

மனைவி கையிலிருந்த கணக்கு நோட்டைத் திருத்தத் தொடங்கினாள். எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறவர்களை எப்படிச் சமாளிப்பது என்று அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு ஒரு காரணம் இருந்தது, அது அவருக்கும் தெரியும். மூத்தவன் பிறந்தபோது அவளை ஒரு பெரிய கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் வந்தார்கள், போகிறவர்கள் போனார்கள். ஒருத்தர் வயிற்றை அமுக்கினார், இன்னொருத்தர் ஊசி போட்டார், மூன்றாவதாக வந்தவர் கத்தரியை வைத்தபிறகுதான் என்ன நடக்கிறது என்றே அவளுக்குத் தெரிந்தது. கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. இருந்த கூட்டத்துக்கு அவர்கள் என்னதான் செய்வார்கள்? ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டவர் யாரும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் பல மாதம் அவள் சிரித்து அவர் பார்க்கவில்லை.

அவர் பங்குக்கு அன்று முழுவதும் தாழ்வாரத்தில் நின்றார். கண்ணில் பட்டவர்களையெல்லாம் விசாரித்தார். "வெயிட் பண்ணுங்க" என்பதைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த தடவை உள்ளேதான் இருப்பேன், என் கண்ணால் பார்க்காமல் விடமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். பிரசவ மையத்தில் புருஷனும் உடன் இருக்கலாம் என்று மனைவி சொன்னபோது துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை.

"எதுக்கு விடறாங்க தெரியுமா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, நீங்களும் கூடத்தானே இருந்தீங்கன்னு சொல்றதுக்கு" என்றார்.

மாதாமாதப் பரிசோதனைக்கு அவளுடன் அவரும் போனார். மையம் ஒரு பழைய மாடி வீடு மாதிரி இருந்தது. மருந்து வாடையே இல்லை. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அதே மருத்துவச்சிதான் வந்தார். நடுத்தர வயது, நிதானமான பேச்சு. வயிற்றில் கை வைக்குமுன் "பார்க்கலாமா?" என்று கேட்டார். மனைவி தலையாட்டிய பிறகே வைத்தார். தூக்கம் எப்படி, கால் வீங்குகிறதா, பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டார்களா, மூத்தவன் புதுக் குழந்தையைப் பற்றி என்ன சொல்கிறான் என்று ஒரு மணி நேரம் பேசினார். ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிட்ட வேகத்தில் வெளியே அனுப்புவார்களே, இங்கே ஏன் இவ்வளவு நேரம்? வேலை இல்லாத இடமாக இருக்கும் என்று கணக்குப் போட்டார்.

மனைவி உடம்பைக் காட்டிக்கொண்டிருக்கும்போது அவர் கட்டடத்தைச் சோதித்தார். ஆக்சிஜன் சிலிண்டரின் தேதி சரியாக இருந்தது. ஜெனரேட்டரைப் போட்டுக் காட்டச் சொன்னார், போட்டார்கள். பின்பக்கம் ஆம்புலன்ஸ் வண்டி கேட்டைப் பார்த்து நின்றது, டிரைவர் பக்கத்திலேயே இருந்தார். ரத்தப்போக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மருந்துப் பெட்டியைத் திறந்து காட்டி, எது முதலில், எது அடுத்து, எந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரி என்று மருத்துவச்சி சொன்னார். குழந்தையின் துடிப்பை மெஷின் மாட்டி இடைவிடாமல் பார்க்காமல் அவ்வப்போது கையில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு கேட்பது ஏன் என்றார்.

"மெஷின்ல கட்டிப்போட்டா அவங்களால நடக்க முடியாது சார். நடந்தா பிரசவம் சுலபமா நகரும். கேக்க வேண்டிய இடைவெளியில கேட்டுட்டே இருப்போம். கொஞ்சம் மாறினாலும் நாங்களே ஆஸ்பத்திரிக்கு மாத்திடுவோம்."

எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அதுதான் அவரை உறுத்தியது. குறையே தெரியாத லிஃப்டை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. குறை எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

கடைசியாகப் பிரசவ அறையைக் காட்டினார்கள். தாழ்வான அகலக் கட்டில், வெந்நீர்த் தொட்டி, ஜன்னலில் கனத்த திரை. தொட்டிக்கு மேலே சுவரோரமாக ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது.

"இதை இழுத்தா யார் எங்க இருந்தாலும் ஓடி வருவோம்" என்றார் மருத்துவச்சி.

"எவ்வளவு நேரத்துல?"

"உடனே."

"உடனேன்னா?"

"உடனேன்னா உடனேதான் சார்" என்று சிரித்துவிட்டு அவர் அடுத்த அறைக்கு நடந்தார். இன்ஸ்பெக்டர் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். உடனே என்பதெல்லாம் அவர் அகராதியில் ஒரு பதிலே இல்லை.

வலி கண்டது ஒரு காலை நேரத்தில். மூத்தவனைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு இருவரும் மையத்துக்கு வந்தார்கள். மத்தியானம் வரை எல்லாம் நன்றாகவே போனது. மனைவி நடந்தாள், உட்கார்ந்தாள், பசித்தபோது சாப்பிட்டாள். வலி வரும்போது அவர் மார்பில் நெற்றியை முட்டிக்கொண்டு மெல்ல ஆடினாள். அவரும் சேர்ந்து ஆடினார். கல்யாணமான நாளிலிருந்து அவள் தன்மேல் இப்படிச் சாய்ந்ததில்லை என்று தோன்றியது. மனசு நிறைந்துபோனது.

ஆனால் மருத்துவச்சி மூலையில் ஒரு முக்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது எழுந்து துடிப்பைக் கேட்பார், "நல்லா இருக்கு" என்பார், திரும்பப் போய் உட்கார்ந்துகொள்வார். அவளையே பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். வேலை செய்கிறவர் யாராவது இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களா? அவசரம் என்று வந்தால் இவர் எழுந்திருக்கவே ஆடி அசைந்துதான் எழுந்திருப்பார் என்று இன்ஸ்பெக்டரின் உள்மனசு சொன்னது.

மனைவி வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கினாள். முகம் தளர்ந்தது, கண்கள் மூடின. வலி சீராக வந்துகொண்டிருந்தது. "நல்லா நெருங்கிடுச்சு. துண்டு எடுத்துட்டு வரேன்" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு மருத்துவச்சி வெளியே போனார். அறையில் அவரும் மனைவியும் அந்தக் கயிறும்தான் இருந்தார்கள். இப்போது பார்த்துவிட்டால் தெரிந்துவிடும், நிஜமாகவே தேவைப்படும்போது தெரிந்து என்ன பிரயோஜனம் என்று நினைத்தார்.

இழுத்தார்.

மணி அலறியது. கதவுக்கு மேலே விளக்கு சுழன்றது. அவர் கையைக் கீழே இறக்குவதற்குள் மருத்துவச்சி உள்ளே இருந்தார். அவர் பின்னாலேயே பையோடு இன்னொரு மருத்துவச்சி, அவருக்குப் பின்னால் தள்ளுவண்டியோடு ஒரு பெண். வெளியே வண்டி உறுமுகிற சத்தம் கேட்டது. ஒருத்தர் மேல் ஒருத்தர் இடித்துக்கொள்ளவில்லை, ஒருவரும் கத்தவில்லை. இப்படி ஒரு ஒழுங்கை அவர் எந்தக் கட்டடத்திலும் பார்த்ததில்லை. மனசுக்குள் 'பாஸ்' என்று சொல்லிக்கொண்டார். அந்த ஒரு நொடி அவருக்கு அப்படி ஒரு நிம்மதி.

பிறகுதான் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு? குழந்தைக்கு என்ன ஆச்சு?"

மருத்துவச்சி மண்டியிட்டுத் துடிப்பைக் கேட்டார். டக்டக்கென்று அறை முழுக்கக் கேட்டது. "ஒண்ணும் இல்லம்மா. குழந்தை நல்லா இருக்கு, நீங்களே கேளுங்க." பிறகு நிமிர்ந்து, "யார் இழுத்தது?" என்றார்.

"கை பட்டுடுச்சு" என்றார் இன்ஸ்பெக்டர்.

மனைவி அவரைப் பார்த்தாள். அவள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. வரவேண்டிய வலி வரவில்லை.

"வெளிய போங்க" என்றாள்.

"இல்லம்மா, கை பட்டு..."

"போன தடவை யாருமே என்னைக் கேக்கலைன்னு எத்தனை நாள் உங்ககிட்ட அழுதிருக்கேன். இந்தத் தடவை நீங்க கேக்கல. போங்க."

போனார். இங்கேயும் ஒரு தாழ்வாரம் இருக்கத்தான் செய்தது. அதில் ஒரு பெஞ்சும் இருந்தது.

நெடுநேரம் கழித்து மருத்துவச்சி வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "வலி ஒதுங்கியிருக்கு சார். பயந்துபோனா சில சமயம் இப்படி ஆகும்."

"திரும்பி வரும்ல?"

"அநேகமா வரும். ரொம்ப நேரம் வரலைன்னா ஆஸ்பத்திரிக்கு மாத்தறதைப் பத்தி யோசிக்கணும். அவங்ககிட்டயும் சொல்லியிருக்கேன்."

எந்தக் கூடத்துக்குத் திரும்பப் போகக்கூடாது என்று அவள் இத்தனை மாதம் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்தாளோ, அங்கேயே அவளைத் தன் கையால் அனுப்பிவைக்கப் போகிறோம் என்று நினைத்தார். பொய்யையும் சேர்த்துச் சுமக்க முடியவில்லை.

"சிஸ்டர், கை படல. நான் வேணும்னேதான் இழுத்தேன்."

"தெரியும் சார்."

"அவ சொன்னாளா?"

"அறையைக் காட்டின அன்னைக்கே சொல்லிட்டாங்க. இவரு கண்டிப்பா அந்தக் கயித்தை ஒரு தடவை இழுத்துப் பாப்பாரு, கோச்சுக்காதீங்கன்னு. வலி வர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் வந்து இழுப்பீங்கன்னு நினைச்சோம்."

அவருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் பழக்கதோஷம் எங்கே போகும்? "நான்தான் இழுத்திருப்பேன்னு தெரியும்ல? அப்புறம் ஏன் எல்லாரும் அப்படி ஓடி வந்தீங்க?"

மருத்துவச்சி அவரை விநோதமாகப் பார்த்தார். "நிஜமா இருந்தா?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார்.

அந்தக் கேள்வி அவரை அங்கேயே உட்கார வைத்துவிட்டது. தன்னைத் தவிர உலகத்தில் ஒருத்தருக்கும் அக்கறை இல்லை என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். முக்காலியில் சும்மா உட்கார்ந்திருந்த அந்தப் பெண்மணி அவரைவிடப் பெரிய சந்தேகக்காரியாக இருந்தார். ஆனால் அந்தச் சந்தேகத்தால் உள்ளே இருந்தவள் ஒரு தரம்கூட நடுங்கவில்லை. முதல்முறையாக இன்ஸ்பெக்டருக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. மணியை அமுக்கிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொண்ட கட்டடங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. லிஃப்டுக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு விழித்த முகங்களும் வந்தன. அவர்களில் ஒருவரிடமும் அவர் மன்னிப்புக் கேட்டதில்லை.

ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாக மாறியபோது உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது. காலையில் தன் மார்பில் முட்டிக்கொண்டு முனகிய அதே முனகல். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. வலி திரும்பிவிட்டது. எழுந்து கதவருகே போனார். கைப்பிடி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, பூட்டுக்கூட இல்லை. தொடவில்லை. உள்ளே மனைவி ஏதோ சொல்ல, "அப்படியே பண்ணுங்கம்மா, உங்களுக்கு எப்படி வசதியோ" என்று மருத்துவச்சியின் குரல் கேட்டது. முனகல் வளர்ந்தது, உறுமலானது, ஒரு கணம் எதுவுமே இல்லை. பிறகு குழந்தை அழுதது.

இத்தனை வருஷம் அவர் காத்திருந்தது அந்த அழுகையின் பக்கத்தில் நிற்பதற்காக. மரக் கதவு ஒன்று நடுவில் இருந்தது. அதைச் சாத்தியவர் வேறு யாரும் இல்லை.

மருத்துவச்சி தலையை நீட்டினார். "பொண்ணு. ரெண்டு பேரும் ரொம்ப நல்லா இருக்காங்க."

எடை என்ன, அழ எவ்வளவு நேரமாச்சு, ரத்தம் எவ்வளவு போச்சு என்று நூறு கேள்வி நாக்கு நுனியில் நின்றது. ஒன்றையும் கேட்கவில்லை.

"நான் வரலாமான்னு அவகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?"

மருத்துவச்சி உள்ளே போய்த் திரும்பி வந்தார். "இப்ப வேணாமாம் சார். கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னாங்க."

"சரி" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்தார். அவமானமாகத்தான் இருந்தது. அப்போது கதவுக்கு அந்தப் பக்கம் மருத்துவச்சி ஏதோ சொன்னார், அதற்கு மனைவி சிரித்தாள். களைத்துப்போன, ஆனால் வாய்விட்ட சிரிப்பு. மூத்தவன் பிறந்தபோது மாதக்கணக்கில் எதிர்பார்த்தும் வராத சிரிப்பு, இன்றைக்குக் குழந்தையின் ஈரம் காயுமுன்னே வந்துவிட்டது. அவர் உள்ளே இல்லாமலே வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சந்தோஷம் எது, துக்கம் எது என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரியவில்லை, பார்க்கவும் தோன்றவில்லை. அவள் மறுபடியும் சிரித்தாள். அவர் காத்திருந்தார்.