நல்ல கால் பாய்ந்த தூரம்

இடக்காலை எவ்வளவு பழக்கியும் அந்தத் தூரம் வரவில்லை. ஆகவே சுபோதினி வலக்காலில் தூரத்தைக் குறைத்துப் பாயப் பழகினாள். வெள்ளவத்தையில், குடியிருந்த அடுக்குமாடியின் மொட்டைமாடியில், யாரும் உடுப்புக் காயப்போட வராத நேரம் பார்த்து.

விதி எளிது. ஒற்றைக் காலில் பாய்ந்து அதே காலில் நிற்கவேண்டும். நல்ல கால் பாயும் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்கையாவது காயப்பட்ட கால் பாய்ந்தால் தேசிய கூடைப்பந்து அணியோடு போகலாம். பாயாவிட்டால் இல்லை. போன வருடம் பந்துக்கு எழும்பி இறங்கியபோது இடது முழங்காலுக்குள் இணைநார் அறுந்தது. களுபோவில ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை. இப்போது வயது முப்பத்தொன்று. அடுத்த சுற்றுப்போட்டிவரை அவளுக்காக யாரும் இடம் வைத்திருக்கப் போவதில்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். அணியின் இயன்மருத்துவர் றேணுகா காத்திருந்தாள். அவளும் ஒரு காலத்தில் ஆடியவள். படி இறங்கும்போது இன்றும் கைப்பிடியை விடமாட்டாள்.

முதலில் இடக்கால். சுபோதினி பாய்ந்தாள், நின்றாள். றேணுகா சோக்குக் கட்டியால் கோடு போட்டாள். அடுத்து வலக்கால். கோட்டுக்கு நாலு விரல் அப்பால் வந்து நின்றது.

"என்னடி, வலக்காலுக்கு வயசு போட்டுதோ?"

"பஸ்ஸில நிண்டு வந்தனான், அக்கா."

"அப்ப இடக்கால் மட்டும் சீற்றில இருந்து வந்ததோ?"

சுபோதினி சிரித்தாள். றேணுகா சிரிக்கவில்லை. மூலையில் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு எதிரே போய் நின்றாள்.

"திரும்ப ஒருக்கா, வலக்கால். பாயேக்க பந்து தாறன்."

பந்து உயரமாக வந்தது, தள்ளி வந்தது. விட்டுவிடலாம் என்று நினைப்பதற்குள் கை போய்விட்டது. பந்தை நெஞ்சோடு பிடித்தபடி வலக்காலில் அசையாமல் நின்றாள். சோக் கோடு நன்றாகப் பின்னால் கிடந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"இந்தக் காலின்ர வேகத்துக்கு மற்றது தாங்காது, சுபோ. இன்னொருக்கா அறுந்தா நடக்கவும் கஷ்டம்."

"இனி எனக்கு ஆட ஒரு ரீம் இல்லை, அக்கா."

"ஓம். தெரியும்."

சுபோதினி பந்தை றேணுகாவிடம் உருட்டிவிட்டாள். இடக்காலில் நின்றாள்.

"இந்தக் காலுக்கும் போடுங்கோ. ஒருக்கா."

றேணுகா பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். சுபோதினியின் இடது முழங்கால் மெல்ல நடுங்கத் தொடங்கியது. வலக்கால் தானாக நிலத்துக்கு வரும்வரை றேணுகா பந்தை விடவில்லை.