ஆறச் சுணங்கும் புண்

அப்பாவின் கன்னக் கொடுப்புக்குள் ஒரு வெள்ளைப் புண். மாரிக்கு முன்பே வந்தது. வயல் வெட்டு முடிந்தும் ஆறவில்லை. நோவில்லாததால் அவருக்குக் கவலையும் இல்லை. கேட்டால் ஒரே பதில்: "வயசு போன உடம்பு மகள். ஆறச் சுணங்கும்."

நேற்றுப் பின்னேர வகுப்பில் வினாயகமூர்த்தி சேர் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் படிப்பித்தார். கெட்டுப்போன உயிர்க்கலங்களைத் தேடிப் பிடிக்கும் காவற்கலங்கள் வயதோடு மந்தமாகும், புற்றுநோய் அவற்றுக்குத் தப்பி வளர இடமுண்டு என்றார். என் பேனை அதோடு நின்றுவிட்டது.

வகுப்பு முடிந்ததும் அவரை மறித்து, அப்பாவின் புண்ணைச் சொல்லி, நான் பிழையாக விளங்கிவிட்டேனோ என்று கேட்டேன். வயது போன எல்லோருக்கும் வருமென்றில்லை, அது பல காரணங்களில் ஒன்று என்றார். அப்பா வெற்றிலையோடு புகையிலையும் போடுவாரா என்று விசாரித்தார். ஓம் என்றதும் முகம் மாறியது. ஆறாத புண்ணை டொக்டரிடம் காட்டச் சொன்னார்.

வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தும், வீட்டில் அப்பாவிடம் சொல்லும்போது எல்லாம் குழம்பிப்போய் வந்தது. அப்பா சிரித்தார்.

"அப்ப என்ட வாய்க்குள்ளயும் காவல் நிக்கிற சென்றிக்காரன் நித்திரையோ?"

"புண் ஆறத்தான் சுணங்குது எண்டு நினைக்கிறீங்க அப்பா. காவலும் சுணங்குதாம். அதுதான் பயம்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குத் தனியே போகிறேன் என்றார். இளம் ஆட்களைத்தான் ஆமி மறிக்கிறான், கிழவனை ஆர் பார்க்கிறான் என்றார். தனியே விட்டால் வெற்றிலைக் கடையோடு திரும்பிவிடுவார் என்று எனக்குத் தெரியும். இன்று காலை நானும் வெளிக்கிட்டேன்.

மண்முனைத் துறையில் வாவி கடக்கும் பாதைப் படகால் இறங்கியதும் ஆமிச் சென்றி. அப்பாவைப் பாராமலே கையைக் காட்டிப் போகவிட்டார்கள். என் அடையாள அட்டையை ஒரு சிப்பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். ஆஸ்பத்திரி என்று நான் சொல்லியும் அட்டையைத் தரவில்லை.

அப்பா திரும்பி வந்தார். வாயைத் திறந்து, விரலால் கொடுப்பை இழுத்துக் காட்டினார்.

சிப்பாய் குனிந்து பார்த்தான். என் அட்டையைத் தந்துவிட்டு, "இக்மனட்ட யன்ன" என்றான்.

"சுணங்காமக் கெதியாப் போகட்டாம்," என்றார் அப்பா. பிறகு மடியில் பொட்டலமாகக் கட்டியிருந்த வெற்றிலைச் சரையை எடுத்து வாவிக்குள் எறிந்தார்.

இப்போது பஸ்ஸில் இருக்கிறோம். ஆஸ்பத்திரியில் நோயாளருக்கு இலக்கத் துண்டு கொடுக்கும் நேரம் முடிந்துவிடுமோ என்று அப்பாதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆட்கள் நிரம்பாததால் சாரதி இன்னும் ஏறவில்லை.