தேதியைப் பேனாவால் எழுதிக்கொள்கிறோம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வீணாய்ப்போன நூற்றைம்பது அழைப்பிதழ்களின் முதுகில் எழுதப்படுகிறது. ஆரணி கடைவீதியில் எனக்குச் சின்னதாக ஓர் அச்சகம் இருக்கிறது. என் பெயர் திரிசலா. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காதணி விழாவுக்கு அடித்துக் கொடுத்தேன், விழா நடக்கவில்லை. கெட்டியான நல்ல அட்டை, தூக்கிப்போட மனசு வரவில்லை. முன்பக்கத்தில் ‘செல்வி இனியாவைத் தாய்மாமன் மடியில் அமர்த்தி’ என்று தங்க எழுத்து மின்னுகிறது. பின்பக்கத்தில் நான் கிறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

2

தொடக்கங்கள்:

‘பட்டுத்தறிகளின் சத்தத்தில் ஆரணி கண்விழித்த அந்த அதிகாலை…’ (வேண்டாம். அந்த நேரத்துக்கு நான் என்றைக்கும் எழுந்ததில்லை.)

‘எல்லையில் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது நாயக் அஜித் தன் அக்காவை நினைத்து…’ (பனியை நான் ஃப்ரிட்ஜின் மேல்தட்டில்தான் பார்த்திருக்கிறேன். நினைத்து என்ன செய்தான் என்பதும் தெரியவில்லை.)

‘சூர்யகலா கடைக்குள் வந்தாள்.’ இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

சூர்யகலா அடுத்த தெரு. அவள் கணவர் சுப்பராயலு பட்டு நெய்கிறார். தம்பி அஜித் ராணுவத்தில் இருக்கிறான். மகள் இனியாவுக்கு ஐந்து வயது. இன்னும் காது குத்தவில்லை. குத்த வேண்டுமானால் தாய்மாமன் மடி வேண்டும். அந்த மடி இரண்டு முறை வருவதாக இருந்து, இரண்டு முறையும் லீவு கட். பிள்ளை ஸ்டிக்கர் கம்மல் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். மாமன் சீராக எடுத்த பட்டுப்பாவாடையின் மடிப்பை இரண்டு தடவை பிரித்து இறக்கித் தைத்தாகிவிட்டது. மூன்றாவது தடவை பிரிக்க மடிப்பில் துணி இல்லை.

3

“அக்கா, போன தடவ அடிச்ச மாதிரியே அடிங்க. தேதி மட்டும் வாணாம்.”

“தேதி இல்லாம ஒரு பத்திரிகையா?”

“எடம் உட்டுடுங்க. பேனாவுல எழுதிக்கறோம்.”

“அப்போ அஜித் வரா…”

சூர்யகலா உதட்டில் விரலை வைத்தாள்.*

(* ராணுவக்காரர் வீடுகளில் லீவு தேதியை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆள் காட்பாடி ஸ்டேஷனில் கால் வைக்க வேண்டும், அதற்கப்புறம்தான் பேச்சு. முன்னாடியே சொன்னால் லீவு போய்விடும் என்று நம்பிக்கை. இதை முதலில் கேட்டபோது சிரித்தேன். நூற்றைம்பது அட்டையும் திரும்பி வந்த அன்றிலிருந்து சிரிப்பதில்லை.)

சொல்ல மாட்டார்களே தவிர, தெரியாமல் இருக்காது. மாதாமாதம் சூர்யகலாவும் ரேணுகாதேவியும் சேர்ந்துதான் பார்சல் கட்டுவார்கள். ரேணுகாதேவியின் கணவரும் ராணுவம்தான். முறுக்கு, பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய். இந்த மாதம் சூர்யகலா தம்பிக்குப் பார்சல் போடவில்லை. ரேணுகாதேவி ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் வேலூர் மிலிட்டரி கேண்டீனுக்குப் போகிற வேனில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “பெரிய அண்டா எங்க வூட்லதான் சும்மா கெடக்குது. பேச்சுக்குச் சொன்னேன்,” என்றாளாம். வேனில் இருந்த ஏழு பெண்களும் சேர்ந்து ஜன்னலைப் பார்த்தார்களாம். இந்தப் பெண்களை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

4

அஜித் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். அதனால் ‘இரும்பு நெஞ்சுக்காரன்’ என்று எழுதி சூர்யகலாவிடம் காட்டினேன்.

“யாருக்கா இது?”

“உன் தம்பிதான்.”

“அவன் பூனையப் பாத்தாலே கட்டில் மேல ஏறிக்குவான். இவளுக்குக் காது குத்தறப்போ பாருங்க, புள்ள அழுவுதோ இல்லியோ, அவன் அழுவான்.”

இரும்பு நெஞ்சைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

5

முடிவுகள்:

அ. லீவு மறுபடியும் கட். வீடியோ காலில் மாமன் பார்க்க விழா நடக்கிறது. (“போன் மடியிலயா புள்ளய உக்கார வெப்பாங்க?” என்றாள் சூர்யகலா. சரி.)

ஆ. ரேணுகாதேவியின் கணவர் மடி கொடுக்கிறார். இது கற்பனை இல்லை. போன வருடம் லீவில் வந்திருந்தவர், “யூனிட்டு வேறன்னா இன்னா, நானும் மாமன்தான்,” என்று சம்மணமிட்டு உட்கார்ந்தே விட்டார். இனியாவும் ஏறி உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் யோசித்தாள். “அங்கிள், இது உங்க மடி,” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

இ. அஜித் வருகிறான். இதைத்தான் நன்றாக எழுதியிருந்தேன், இரண்டு அட்டை முழுக்க. சூர்யகலா கடைசிவரை படித்தாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு நிதானமாக இரண்டு அட்டையையும் நாலாகக் கிழித்தாள்.

“எழுதனாலும் சொன்ன மாதிரிதான்க்கா.”

எனக்குக் கோபம் வரவில்லை. என் எழுத்துக்கு ஒரு லீவை நிறுத்துகிற சக்தி உண்டு என்று நம்பிய ஒரே வாசகி அவள்தான்.

6

இன்று மதியம். அட்டைகள் தயார். வாங்கிப்போக சூர்யகலா இனியாவோடு வந்திருக்கிறாள். நான் இதை எழுதுகையில் எதிர் ஸ்டூலில்தான் இருக்கிறாள். வாங்கிக்கொண்டவள் கிளம்பவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்து, ரயில் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப்பைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைக்கிறாள். எட்டிப் பார்த்தேன். ரேணிகுண்டா தாண்டிவிட்டது. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“அக்கா, நீலப் பேனா இருக்குதா?”

கொடுத்தேன். மூடியைத் திறக்காமல் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

இனியா என் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு காதிலிருந்தும் ஸ்டிக்கர் கம்மலை உரித்து என் மானிட்டரின் ஓரத்தில் ஒட்டினாள்.

“இது நீயே வச்சிக்க பெரிம்மா. எனக்கு இனிமே வாணாம். எங்க மாமா இன்…”

சூர்யகலா பாய்ந்து வந்து பிள்ளையின் வாயைப் பொத்தினாள். விரல்களுக்கு நடுவே இனியா சிரித்தாள். சூர்யகலாவும் சிரித்தாள். எனக்கு அந்த இடத்தில் எழுத ஒரு நல்ல வாக்கியம் வந்தது. எழுதவில்லை. என்னால் ஒரு பிள்ளைக்கு மறுபடியும் ஸ்டிக்கர் கம்மல்தான் என்று ஆகிவிடக் கூடாது.

அதனால் கதையின் கடைசி வரியை, அட்டையில் உள்ளபடியே, உங்களிடம் தருகிறேன். நிரப்பவேண்டியது நீங்கள். ஒன்றே ஒன்று: மூடியை இப்போது திறக்காதீர்கள். ரயில் காட்பாடிக்கு வரட்டும்.

நாள்: ………………