நாற்காலி இறங்கிய வழி

எண்ணெய்க் கம்பெனியின் மூன்றாவது மாடியில் நிலவியலாளராக இருந்தவளின் நாற்காலி, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவளோடு சேர்ந்து தரைக்குள் இறங்கத் தொடங்கியது. தன்னைக் கிணற்று வேலைக்கு அனுப்பச் சொல்லி அன்று காலைதான் ஆறாவது வருடமாகக் கேட்டிருந்தாள். பெண்களுக்கு அங்கே தங்க இடமில்லை என்று மேலதிகாரி ஆறாவது வருடமாகச் சொல்லியிருந்தார். அவருக்குச் சிமெண்டுக்காரர் என்று பட்டப்பெயர். எண்ணெய் வரக் கொஞ்சம் தாமதமானாலும் கிணற்றில் சிமெண்டை ஊற்றி மூடிவிட்டு வேறு வேலை பார்ப்பவர். தலைக்கு மேல் இரண்டு செருப்புகள் தெரிந்ததும் கீழ்மாடிக் கணக்குப் பிரிவினர் டீ கிளாஸ்களை நகர்த்தி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அடுத்த வருடம் அவள் களிமண்ணில் இருந்தாள், பிறகு மணற்பாறையில், பிறகு சுண்ணாம்புப் பாறையில். சாயங்காலமானால் ஏறி வந்து, தலைத் தூசியைத் தட்டிவிட்டு பஸ் பிடிப்பாள். "உன் பிடிவாதத்துக்குப் பூமியே வழி விடுது, நான் எம்மாத்திரம்" என்று அம்மா சலித்துக்கொண்டாலும், மகள் போயிருக்கும் ஆழத்தைப் பக்கத்து வீடுகளில் சொல்லிப் பீற்றிக்கொள்ளாமல் இல்லை.

அவள் வரைபடத்தை நம்பி ஒரு கிணறு தோண்டினார்கள். அது பொய்த்தால் அவளை வேலையை விட்டே தூக்குவதாகச் சிமெண்டுக்காரர் எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டார். அடியிலிருந்து வந்ததாக அனுப்பிய கல்துகளில் எண்ணெய் வாடையே இல்லை. அவள் பையின்மேல் எழுதியிருந்த ஆழத்தைப் பார்த்தாள். அடியில் வெட்டுப்பட்ட கல், துளைக்குள் ஓடவிடும் சேற்றோடு மிதந்து மேலே வந்து சேர மணிக்கணக்காகும். கிணறு துளைக்கும் ரிக்கில் இருந்தவர்கள் அதை மறந்துவிட்டு, கல் கைக்கு வந்த நேரத்தில் துளைகருவி எந்த ஆழத்தில் இருந்ததோ அதையே பையின்மேல் எழுதிவிட்டார்கள்.

"இது அடியில இருந்து வந்த கல்லே இல்ல சார். அது இன்னும் பாதி வழியிலதான் இருக்கு. சேத்தை ஓடவிட்டு, இன்னும் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்க."

சிமெண்டுக்காரர் அவள் நாற்காலி இறங்கிய குழிக்குள் குனிந்து கத்தினார். "கிணத்துப் பக்கத்துலயே நிக்கிறவங்களுக்குத் தெரியாதது, மூணாவது மாடியில உக்காந்திருக்கிற உங்களுக்குத் தெரியுதாம்மா?"

"நான் மூணாவது மாடியிலயா சார் இருக்கேன்?" என்று வெகு ஆழத்திலிருந்து குரல் வந்தது.

அவர் நேரே கிணற்றுக்குப் போய்ச் சிமெண்ட் ஊற்றச் சொன்னார். ஊற்ற ஊற்ற அது இறுகாமல் பொங்கி வெளியே வந்தது. கீழே அவள் இரண்டு கைகளாலும் தள்ளிக்கொண்டிருந்தாள். ரிக் மேஸ்திரி குழாயில் காதை வைத்தார். கீழேயிருந்து அவள் குரல் கேட்டது.

"கொஞ்சம் இறக்குங்கண்ணே. நான் தள்ளி உக்காந்துக்கிறேன்."

"கீழ மேடம் இருக்காங்க சார், சிமெண்ட் எப்படி நிக்கும்?" என்று சொல்லிவிட்டு, உத்தரவுக்குக் காத்திராமல் மேஸ்திரி துளைகருவியை இறக்கினார்.

பொழுது சாய்வதற்குள் எண்ணெய் வந்தது. அதன் பின்னாலேயே அவளும் வந்து, உச்சந்தலை முதல் பாதம் வரை கறுப்பாக ரிக் மேடையில் நின்றாள். சிமெண்டுக்காரர் கைக்குட்டையை நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அவளுக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் சேர்ந்த பெண்களிடம், கிணற்று வேலைக்கு மேலேயிருந்து வருகிறீர்களா, கீழேயிருந்து வருகிறீர்களா என்று மட்டும்தான் கேட்டார்கள்.