வைக்கோல் கன்று

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தொன்றாம் வருஷம் சங்கரன்கோவிலில் ஒரு வீட்டுக்குப் பால் வாங்கப் போனேன். தொழுவத்தில், செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து நிறுத்தியிருந்தார்கள். தாய்ப்பசு அதை நக்க நக்கப் பால் சுரந்தது. செம்பு நிறைய வாங்கிவந்து காப்பி போட்டுக் குடித்தேன். இந்தக் கதை அந்தக் காப்பியிலிருந்து வந்தது.

2

முதல் வரி: 'கருணையே வடிவான சங்கரம்மாள்...'

(அடித்துவிட்டேன். அப்படி ஓர் ஆளை நான் பார்த்ததில்லை.)

மறுபடியும்: சங்கரம்மாள் மீன்வாடை அறியாத சைவ வீட்டுப் பெண். புருஷன் கொழும்புக்குப் போய் நாலு வருஷம்; கடிதம் நின்று இரண்டு. வீட்டில் அவளும் பசுவும்தான். கன்று செத்து, தோலில் வைக்கோல் திணித்து நிறுத்திய ஆறாம் நாள், வாய்க்குக் கொண்டுபோன பால் தம்ளரை அப்படியே கீழே வைத்தாள். அதற்குப் பிறகு பால் இல்லை, மோர் இல்லை, நெய் இல்லை.

இதுவரை லேசான கதைதான் மக்கா. வாயைக் கட்டுவது அவளுக்குப் பெரிதில்லை. மறுநாள் காலையில் காப்பிக்கடைக்குப் பால் கறக்கப் போனாளே, அங்கேதான் அவள் கை ஒரு கணம் நின்றது; ஆனாலும் கறந்தாள்.

3

பசுவை அவள் பிழைப்புக்கென்று வாங்கிக் கொடுத்தவன் கொழுந்தன் கோமதிநாயகம். விஷயம் கேள்விப்பட்டு வந்தான்.

"என்ன மதினி, மோருகூட ஊத்திக்கிட மாட்டேங்கியளாமே. நாம என்ன கறியா திங்கோம்?"

"சாப்பாட்டுல சைவந்தான் தம்பி. தொழுவத்துல என்ன பண்ணுதேன்?"

"என்ன பண்ணுதிய?"

"தெனம் ரெண்டு வேளை அதை ஏமாத்துதேன்."

சிரித்தான். "அப்பம் கல்யாணப் பட்டுச்சேலையையும் தூக்கிப் போடுங்க. அதுவும் பூச்சியைக் கொன்னு எடுத்ததுதான்."

அவள் சிரிக்கவில்லை. சேலைப் பெட்டி இருந்த மூலையைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேலிக்குச் சொன்னேன் மதினி. கன்னை மட்டும் எடுத்துராதிய. பால் வத்திட்டுன்னா மாட்டை வச்சுத் தீனி போட என்னால முடியாது. வெள்ளிக்கிழமை மலையாளத்து அடிமாட்டு யாவாரி வாரான்."

(அவன் போனதும் பட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு பெட்டியிலேயே வைத்துவிட்டாள். தின்னாமல் இருப்பது வேறு, உயிர்களிடமிருந்து எதையுமே எடுக்காமல் வாழ்வது வேறு. இரண்டாவதற்குப் பட்டணத்தில் இப்போது ஏதோ பெயர் வைத்திருக்கிறார்களாம். அன்றைக்கு அவளுக்குப் பெயரும் இல்லை, துணையும் இல்லை.)

4

ஒரு முடிவு: வைக்கோல் கன்றை எரிக்கிறாள், பசு மலையாளம் போகிறது. (எழுதிவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கிழித்துவிட்டேன்.)

இன்னொன்று: கொழும்பிலிருந்து புருஷன்... (வரமாட்டான்.)

மூன்றாவது: தான் குடிக்காமல், கடைக்கு மட்டும் கறந்துகொண்டே இருக்கிறாள். (நடக்கக்கூடியது இதுதான். நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன். அதனால்தான் எழுதப் பிடிக்கவில்லை.)

5

வியாழக்கிழமை காலை. சங்கரம்மாள் வைக்கோல் கன்றைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்தாள். அது நின்ற இடத்தில் தானே போய்க் குந்தினாள்.

"கன்னு செத்துப்போச்சு. இங்கன நான் மட்டுந்தான் இருக்கேன்" என்றாள் பசுவிடம்.

பசு வெகுநேரம் மோந்து பார்த்தது. பிறகு நாக்கை நீட்டி அவள் பிடரியை நக்கிற்று. நாலு வருஷமாக யாரும் தொடாத பிடரி.

பசுவின் மடியில் பால் இறங்கியதா? அவள் குனிந்து பார்க்கவில்லை. எனக்கும் தைரியம் இல்லை. நீங்கள் பாருங்கள் மக்கா. இறங்கியிருந்தால், அதைக் கறக்கலாமா கூடாதா என்று அவளுக்கு நீங்களே சொல்லுங்கள். நாளைக்கு வெள்ளிக்கிழமை.